கேட்டிருந்தா சொல்லியிருப்பனுங்களே

கல்யாணப் பந்தியில் இலை போட்டுத் தண்ணீர் தெளிப்பதற்குள் அது வந்துவிட்டது. பக்கத்து இலையில் எங்கள் வார்டின் முன்னாள் கவுன்சிலர். எனக்கு மாமன் முறை. கொஞ்சம் சுற்றிக்கொண்டு போனால்தான் முறை பிடிபடும், ஆனாலும் முறை முறைதான். "ஏனுங் மாப்ள, என்றகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பனுங்களே. எதுக்குங் காயிதம் போட்டுட்டு?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது சொல்லி அதோடு மறந்திருப்பேன். அவர் குரலில் இருந்தது வருத்தம். அழைப்பு வைத்தும் விசேஷத்துக்கு வராத ஒறம்பரையிடம் பேசுகிற மாதிரி. எனக்கு இலையில் வைத்த கச்சாயம் இறங்கவில்லை. இது 2022 வைகாசியில் நடந்தது. அந்த ஒரு வாக்கியத்தோடு இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் போட்ட காயிதம், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி நகராட்சிக்கு ஒரு மனு. எங்கள் லேஅவுட் 1984இல் அனுமதி வாங்கியது, மொத்தம் 43 சைட். வடக்கே ரிசர்வ் சைட், அதாவது பொது உபயோகத்துக்கு ஒதுக்கிய இடம், இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. 2021 ஆடியில் அந்தப் பக்கம் ஒரு தகர ஷெட் முளைத்தது. உள்ளே பனியன் வேஸ்ட் மூட்டைகள். ராத்திரி பதினொரு மணிக்கு டெம்போ வந்து இறக்கும். முன்னாள் கவுன்சிலரின் பங்காளி போட்டது என்று தெருவில் பேச்சு. வரி ரசீதும் இருக்கிறது, கரண்ட் கனெக்‌ஷனும் இருக்கிறது, இனி அசைக்க முடியாது என்றார்கள். வரி ரசீது இருந்தால் இடம் சொந்தம் என்ற நம்பிக்கை எங்கள் பக்கம் கோயில் திருநீறு மாதிரி. அந்த ரசீது வரி கட்டியதற்கு மட்டும்தான் சான்று என்று சொன்னால் நம்மைத்தான் ஒருமாதிரி பார்ப்பார்கள். சரி என்று வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, மூன்று நகல் கேட்டேன்: லேஅவுட் அனுமதி வரைபடம், ரிசர்வ் சைட்டை நகராட்சிக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரம், ஷெட்டுக்கு வரி போட்ட கோப்பு. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததே, அந்தத் தீர்ப்பின் நகலையும் சேர்த்து இணைத்தேன். அதை யாரும் கேட்கவில்லை. கூட்டுறவு சங்கத்தில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவன், இணைப்பு இல்லாமல் ஒரு தபால் அனுப்பக் கை வராது.

மாமன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் தொல்லை. அவரைக் கேட்டிருந்தால் நிஜமாகவே சொல்லியிருப்பார். எங்கள் ஊரில் வாயால் கிடைக்காத தகவல் எதுவும் கிடையாது. எந்தச் சாக்கடை வேலையில் யார் எத்தனை சதவீதம் எடுத்தார்கள், எந்த ரோடு அளவுப் புத்தகத்தில் மட்டும் ஆறு அங்குலக் கனம், எல்லாம் பேக்கரி வாசலில் நின்றால் ஒரு டீக்குள் வந்துவிடும். சொல்பவரே பங்கு வாங்கியவராகக்கூட இருப்பார், அதையும் சிரித்துக்கொண்டே சொல்வார். எழுதித் தாருங்கள் என்று கேட்டால் மட்டும் முகம் மாறும். ஊருக்குள் வாயால் கேட்பது உறவு, தாளில் கேட்பது சண்டை. 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை நகராட்சிகளில் கவுன்சிலர் என்று ஒருவருமே இல்லாமல் தனி அலுவலர்கள் நடத்தினார்கள் அல்லவா, அந்த ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட காலத்தில் முன்னாள்கள்தான் எங்களுக்கு ஆபீஸ். குடிதண்ணீர் வராவிட்டால் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போவோம். அவர் போன் போட்டால் வால்வு திறக்கும். அப்படி ஐந்து வருஷம் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு, ஒருநாள் அவர் தலைக்கு மேலே தபால் போட்டால் அவருக்கு எப்படி இருக்கும் என்பது எனக்குப் புரியாமல் இல்லை.

ஆனால் வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு எங்கேயும் போக முடியாது. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்த விவசாயிகளைக் கேட்டால் தெரியும். சாயக்கழிவு கலந்த நொய்யல் தண்ணீரின் நாற்றம் திருப்பூரிலிருந்து கரூர் வரைக்கும் எல்லா மூக்குக்கும் தெரிந்த விஷயம். நீதிமன்றத்தில் நாற்றம் செல்லாது, உப்பு எவ்வளவு என்று தாளில் காட்டியாக வேண்டும். தாளைத் தூக்கிக்கொண்டு வருஷக்கணக்காக அலைந்துதான் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் உத்தரவு வரைக்கும் அவர்கள் போனார்கள். ராஜஸ்தான் கிராமங்களில் 1994 கடைசியில் ஆரம்பித்த மக்கள் விசாரணைகளிலும் இதுதான் நடந்தது. மஸ்டர் ரோலை, அதாவது கூலிப் பட்டியலை, ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். செத்துப்போனவன் மண் வெட்டிக் கூலி வாங்கியிருப்பதாகத் தாள் சொன்னபோது, அவனைத் தூக்கிப்போனவர்களே எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். இதையெல்லாம் பந்தியில் மாமனிடம் சொல்ல முடியுமா. "ரசம் ஊத்துங்க" என்றேன்.

ப.மு., மூ.மு.

மனு போட்ட இருபத்தொன்பதாவது நாள் பதில் வந்திருந்தது. தாங்கள் கோரிய கோப்பு இவ்வலுவலகத்தில் கிடைக்கப்பெறவில்லை. ஒரே வரி, கீழே பச்சை மையில் கையெழுத்து. சட்டத்தின் எட்டாம் பிரிவில் எதையெல்லாம் தர வேண்டாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. 'கிடைக்கவில்லை' அதில் இல்லை. முதல் மேல்முறையீடு செய்தேன். நாற்பத்தைந்து நாளும் பேச்சு மூச்சு இல்லை. அதற்கப்புறம் சென்னைக்கு, தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. அது ஒரு தனி உலகம். போட்டுவிட்டு மறந்துவிட வேண்டும், மாமரம் வைப்பது போல.

இந்தக் காத்திருப்பில்தான் நகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எழுத்தர் ஒருவர் பழக்கமானார். காலை நடையில் சேர்ந்துகொள்வார். நான் என் கதையைச் சொன்னதும் சிரித்தார். "காணம்னா காணம்னு உட்டுட்டு வந்துட்டீங்களாக்கும்? கோப்புக்குக் காலா இருக்குது நடந்து போறதுக்கு? அதை முடிக்கறப்பவே மேல ஒண்ணு எழுதியிருப்பாங்க சார், அதைக் கேளுங்க" என்றார். மூ.மு. என்று எழுதினால் மூன்றாண்டு முடிவு, ப.மு. என்றால் பத்தாண்டு முடிவு. அந்தக் காலக்கெடு தாண்டினால் அழிக்கலாம், ஆனால் அழித்ததற்குப் பதிவேடு இருக்க வேண்டும். லேஅவுட் கோப்பு நிரந்தரமாக வைக்க வேண்டியது, அதை அழித்திருந்தால் அழித்தவர் கையெழுத்து எங்காவது இருந்தாக வேண்டும். "ஒண்ணு கோப்பு இருக்கோணும், இல்லீன்னா அழிச்ச ரெஜிஸ்டர் இருக்கோணும். ரெண்டும் இல்லீன்னா போலீஸ்ல புகார் குடுத்த ரசீது இருக்கோணும். நாலாவதா ஒண்ணு கிடையாதுங்க." முப்பத்து நான்கு வருஷ அனுபவத்தை அவர் ஒரு ரவுண்டு நடைக்குள் சொல்லி முடித்துவிட்டார். இதே விஷயத்தைத்தான் டெல்லி உயர் நீதிமன்றம் 2013இல், காணோம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, முறையாகத் தேடி விசாரித்துப் பொறுப்பு யாருடையது என்று முடிவு செய்ய வேண்டும் என்று ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. தீர்ப்பை விட எழுத்தர் சொன்ன விதம் எனக்குச் சுலபமாகப் புரிந்தது.

2023 கடைசியில் விசாரணை வந்தது. ஐந்து நிமிடம்தான். கோப்பைத் தேடு, கிடைத்தால் மனுதாரரை நேரில் பார்க்க விடு, கிடைக்காவிட்டால் காரணத்தோடு அறிக்கை கொடு என்று உத்தரவு. நாளைக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போடலாம் என்று சட்டத்தில் இருப்பதைப் போடவில்லை. எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை, மனு போட்டபோது இருந்த அலுவலர் மாறி அவருக்குப் பின் வந்தவரும் மாறிவிட்டார். இரண்டே கால் வருஷமாகக் காணாமல் போயிருந்த கோப்பு, உத்தரவு போய்ச் சேர்ந்த பத்தாவது நாள் கிடைத்துவிட்டது. வரி விதிப்புக் கட்டுகளுக்கு அடியில் இருந்ததாம்.

பச்சை வரைந்த பட்டை

தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பார்வையிடுவதற்கு முதல் ஒரு மணி நேரம் இலவசம், அதற்கு மேல் கட்டணம். ரெக்கார்டு ரூம் என்பது மாடிப்படிக்கு அடியில் இருந்த இடம். பழைய தராசு ஒன்று, உடைந்த ஓட்டுப்பெட்டிகள், கொசுமருந்து அடிக்கிற மெஷின், இவற்றுக்கு நடுவே ஒரு ஸ்டூல். உதவியாளர் தம்பி கட்டைப் பிரித்து வைத்துவிட்டு, "பொறுமையா பாருங்க சார், தூசி ஜாஸ்தி, மூக்குல துணி கட்டிக்கங்க" என்றார். நான் எதிர்பார்த்த விரோதம் அங்கே யாரிடமும் இல்லை. மூக்கில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு, திருடனைப் பிடிக்க வந்தவன் திருடன் மாதிரியே உட்கார்ந்து வரைபடத்தை விரித்தேன்.

நீலம் வெளுத்த பழைய பிரிண்ட். மடிப்புகளில் கிழிந்து செல்லோ டேப் ஒட்டியிருந்தார்கள். வடக்கே நாற்பதடி அகலத்துக்கு நீளமாக ஒரு பட்டை, பச்சை மசியில் கோடு கோடாக வரைந்து 'பொது உபயோகத்துக்கு' என்று எழுதியிருந்தது. முதலில் ஷெட்டைத் தேடினேன். ஷெட் இருக்கிற இடம் சைட் எண் 31. பச்சைக்கு வெளியே. 1987 பத்திர எண்ணோடு வரி போட்டிருக்கிறார்கள், சொந்தக்காரர் கோவையில் இருக்கிறார், மாமனின் பங்காளி வாடகைக்கு எடுத்திருக்கிறார். ஒரு தப்பும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு மேலாக நான் ஆக்கிரமிப்பு என்று எழுதிக்கொண்டிருந்த ஷெட், வரைபடத்தில் நல்ல பிள்ளையாக அதன் இடத்தில் நின்றது.

பச்சைப் பட்டையில் என்ன இருக்கிறது என்று அப்புறம்தான் பார்த்தேன். மேற்குக் கோடியில் எங்கள் விநாயகர் கோயில். அது 2011இல் கட்டியது. பொது இடத்தில் புதிதாக வழிபாட்டுத் தலம் எதையும் அனுமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2009 செப்டம்பரில். கோயில் வாசலில் உபயதாரர் கல்வெட்டில் மூன்றாவது பெயர் என்னுடையது, ரூபாய் 5,001. நடுவில் குடியிருப்போர் சங்கத்தின் மோட்டார் ரூம். அப்புறம் கிழக்கே ஏழு வீடுகளின் பின்புறம் பச்சையோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஐந்தாவது வீடு எங்களுடையது. வரைபடத்தில் என் சைட்டின் நீளம் அறுபதடி என்று போட்டிருந்தது. அறுபதடியா என்று இன்னொரு தரம் பார்த்தேன். தம்பியிடம் நகல் கேட்டு, பணம் கட்டி, 'உண்மை நகல்' முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வந்தேன். தானப் பத்திரம் கட்டு முழுக்கத் தேடியும் இல்லை. பத்திரம் எழுதியதாக ஒரு குறிப்புகூட இல்லை.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் டேப்பை எடுத்தேன். "பொழுது போயி எதுக்குங்க டேப்பு?" என்றாள் வீட்டுக்காரி. ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னேன். முன்சுவரிலிருந்து பின்சுவர் வரை அறுபத்தாறு அடி இருந்தது. நாற்பதடி அகலத்துக்கு ஆறடி, 240 சதுர அடி. துவைக்கிற கல்லும் முருங்கை மரமும் ஸ்கூட்டர் நிற்கிற தாவாரமும் அந்த ஆறடிக்குள்தான் வருகின்றன. 1996இல் நான் இந்த வீட்டை வாங்கும்போதே சுவர் அங்கேதான் இருந்தது, நான் ஒரு செங்கல்லும் நகர்த்தவில்லை. ஆனால் என் கிரயப் பத்திரத்தின் செக்குபந்தியில் வடக்கே பொது இடம் என்று எழுதியிருக்கிறது. இருபத்தெட்டு வருஷமாக அந்தப் பத்திரம் என் பீரோவில் இருக்கிறது. ஊர்க் கோப்பையெல்லாம் கேட்டவன் அதைப் பிரித்து அளந்து பார்க்கவில்லை.

அன்றைக்குத்தான் மாமன் சொன்னது வேறு மாதிரிக் காதில் விழுந்தது. இரண்டு முறை கவுன்சிலராக இருந்தவருக்கு இந்தப் பட்டை எங்கே போகிறது என்று தெரியாமலா இருக்கும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றாரே, எதைச் சொல்லியிருப்பார்? ஷெட் சரியான இடத்தில்தான் இருக்கிறது என்பதைச் சொல்லியிருப்பார். உன் சுவரைப் பார் என்பதைச் சொல்லியிருப்பாரா? மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். மொகதாட்சணை. மாப்பிள்ளையின் முகம் வாடக் கூடாது என்று அதை விழுங்கியிருப்பார். இத்தனை வருஷமாகவே விழுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தாளுக்கு அந்தத் தாட்சண்யம் தெரியவில்லை.

பீரோவில் ஆறு மாதம்

அப்புறம் நான் செய்த காரியம் எழுதக் கூச்சமாக இருக்கிறது. நகலை மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். தெருவில் கேட்டவர்களிடம் "கோப்பு இன்னும் சரியாக் கெடைக்கல" என்றேன். வாயிலிருந்து அது அவ்வளவு சுலபமாக வந்தது.

காரணங்களும் வரிசையாக வந்தன. இதில் அண்டை வீட்டார் ஆறு பேர் சமாச்சாரம் இருக்கிறது, தனிநபர் தகவல், சட்டத்தின் எட்டு ஒன்று ஜே பிரிவு. அந்தப் பிரிவை 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் அகலமாக்குகிறது என்று எங்கள் வாட்ஸப் குழுவில் பக்கம் பக்கமாகத் திட்டி எழுதியவன் நான்தான். கோயில் விஷயம் வெளியே வந்தால் தெரு இரண்டாகும், ஆகவே பொது அமைதி. தேர்த் திருவிழா முடியட்டும், அப்புறம் சொல்லலாம், ஆகவே பரிசீலனையில் உள்ளது. நகராட்சிக்காரர்கள் எனக்கு எழுதிய ஒவ்வொரு வரியையும் நான் தெருவுக்குத் திருப்பி எழுதிக்கொண்டிருந்தேன். அவர்களுக்காவது சம்பளம் உண்டு.

இதில் ஆபத்து ஒன்று இருந்தது, அது எனக்கு நன்றாகத் தெரியும். தானப் பத்திரம் எழுதவில்லை என்றால் அந்தப் பட்டை காகிதத்தில் இன்னும் லேஅவுட் போட்டவர் பெயரில்தான் கிடக்கிறது. அவர் காலமாகிவிட்டார். வாரிசுகள் நாளைக்கு வந்து விற்றால், வாங்குகிறவன் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் சுத்தமாக இருக்கும். தெருவில் எல்லோருக்கும் இது தெரிந்து, நகராட்சியைப் பத்திரம் வாங்க வைத்தால்தான் இடம் நிற்கும். என் ஆறடிக்காக மிச்சம் முப்பத்து நான்கு அடியையும் பணயம் வைத்துக்கொண்டிருந்தேன். இது தெரிந்தும் ஆறு மாதம்.

ஆடி வெள்ளி ஒன்றில் எதிர் வீட்டுப் பெண் வந்தாள். குரூப் டூவுக்குப் படிக்கிறவள். "மாமா, ரிசர்வ் சைட்ல ரெண்டு பேரு டேப்பு வெச்சு அளந்துட்டிருந்தாங்க. சின்னக் கல்லு ரெண்டு நட்டிருக்காங்க. நானே ஒரு மனு போடலாம்னு இருக்கறனுங்க. எப்படி எழுதறதுன்னு சொல்லிக் குடுங்க" என்றாள். கையில் வெள்ளைத்தாளும், புதுசாக வாங்கிய பத்து ரூபாய் ஸ்டாம்பும் இருந்தன. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். பெறுநர், பொதுத் தகவல் அலுவலர். எதற்குக் கேட்கிறாய் என்று எழுதாதே கண்ணு, சட்டத்தின் 6(2) பிரிவுப்படி காரணம் சொல்ல வேண்டியதில்லை. 'ஏன்' என்று கேட்காதே, நகல் கேள். கோப்பு இல்லை என்றால் அழித்த பதிவேட்டின் நகல் வேண்டும் என்று முதல் மனுவிலேயே போட்டுவிடு. எழுத்தர் எனக்குச் சொன்னதை எல்லாம் அழகாகச் சொன்னேன். அவள் முத்து முத்தாக எழுதினாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகு பீரோவில் இடித்துக்கொண்டிருந்தது. அவள் கேட்கிற நகல் என் முதுகுக்குப் பின்னால் இரண்டாவது தட்டில் இருந்தது.

எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டாள். "முப்பது நாள்ல வந்துருங்களா மாமா?" என்றாள். வரும் என்றேன். அவள் வாசற்படி இறங்கிச் செருப்பு மாட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, அன்றைக்கு டேப்பின் மறுமுனையைப் பிடித்தவள் அவள்தானே. "கண்ணு, சித்த நில்லு" என்றேன்.

நகலை வாங்கியவள் வரைபடத்தைப் பார்க்கவில்லை. முத்திரையைத்தான் முதலில் பார்த்தாள். தேதியைப் படித்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் தேதியைப் படித்தாள். "தை மாசமே வந்துருச்சுங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். பச்சைப் பட்டையில் விரலை வைத்து, ஐந்தாவது வீட்டை நானே காட்டினேன். அவள் வீட்டுக்கு அதில் பங்கில்லை, எதிர்வரிசை.

சாயங்காலம் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, அசலை பாலிதீன் கவரில் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்தாள். நாற்பத்து மூன்று காப்பி எடுத்ததாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்கு முன்னால் வீட்டுக்கு ஒன்று போட்டுவிடுவாளாம். கவருக்குள் அந்த ஸ்டாம்பும் இருந்தது, இன்னும் ஒட்டாதது. "வேஸ்ட்டாப் போயிருமுங்க, நீங்களே வெச்சுக்கங்க" என்றாள். இந்தத் தடவை மாமா என்று சேர்த்துச் சொல்லவில்லை. ஸ்டாம்பு பீரோவில் அதே தட்டில் இருக்கிறது. கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன், பின்சுவரை இடித்து ஆறடி உள்ளே கட்ட எவ்வளவு ஆகும் என்று கேட்க. முருங்கை மரம் அந்தப் பக்கம் போய்விடும்.